இடது பக்கம் கடல், வலது பக்கம் மணி

போன வருடத்துக்கு முந்தின வருடம், பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், முதல் மாடி வீட்டில் நடந்த விஷயம் இது. அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆனால் கடல் கேட்கும்.

நான் திருவொற்றியூர்க்காரன். அப்பா துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை பார்த்தார். அம்மா இறால் உரிக்கப் போவார். இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தது நான்தான். இன்ஜினீயரிங் முடித்த அன்று அப்பா ஒரு பெயின்டரைக் கூட்டிவந்து, வாசல் கதவில் என் பெயரையும் பக்கத்தில் பி.இ. என்றும் எழுத வைத்தார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வார நாட்களில் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறுகளில் பழைய வீடியோ கேம் செட்டுகளைச் சரிசெய்து கொடுப்பேன். இந்தச் செட்டுகள் எல்லாம் பதினைந்து, இருபது வருடம் ஓடியவை. சிடியைப் படிக்கிற லென்ஸ் முதலில் செத்துப்போகும். புது லென்ஸ் தேடுவதைவிட, சிடியில் இருக்கிற கேமை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, சிடி இல்லாமலே ஓடும்படி செட்டை மாற்றிவிடுவது சுலபம். அதுதான் என் கைவேலை.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது, செட்டின் மூடியைத் திறக்கிற அந்த நிமிஷம். உள்ளே படிந்திருக்கிற தூசியைப் பார்த்தே அது எந்த ஏரியா செட்டு என்று சொல்லிவிடுவேன். எண்ணூர் என்றால் சலித்த மாவு மாதிரி அனல்மின் நிலையத்துச் சாம்பல். துறைமுகத்து மதிலை ஒட்டின வீடென்றால் கரித்தூள். காசிமேடு என்றால் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் உப்பு பூத்துப் பச்சையாக இருக்கும். பெரம்பூரிலிருந்து வந்த ஒன்றில் மட்டும் ஒரு கரப்பான் குடும்பமே இருந்தது. மூடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை சாயங்காலங்கள் இதற்குள்ளே படிந்திருக்கும் என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் கட்டைப்பை, கையில் மடக்குக் குச்சி. பார்வை கிடையாது. ஒரு பேங்க்கில் போன் எடுக்கிற வேலை பார்ப்பதாகச் சொன்னார். பையிலிருந்து செட்டை எடுத்து, விளிம்பைத் தடவி, முன்பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். கூடவே ஒரே ஒரு சிடி. ஒரிஜினல். எங்கள் பக்கத்தில் ஒரிஜினல் சிடியைப் பார்ப்பதே அபூர்வம்.

“லென்ஸு போய்டுச்சி தம்பி. என் தம்பி கப்பல்ல கீறான், நிலக்கரிக் கப்பலு. சனிக்கிழம எண்ணூருக்கு வருது. கரி எறக்குற நேரத்துல அவனுக்கு அர நாள் லீவு குடுப்பாங்கோ. அதுக்குள்ள ரெடி பண்ணிக் குடுத்துடு. இதுக்கப்புறம் அவன் ஃபாரின் கப்பலுக்கு மாறிப் போறான். மறுபடி எப்ப வருவான்னு சொல்ல முடியாது.”

மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ அந்தக் கப்பல் வரும்போதெல்லாம் தம்பி வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, இந்தச் செட்டில் பத்து ஆட்டம் ஆடிவிட்டுத்தான் திரும்புவாராம். தம்பி கப்பலில் சேர்ந்ததிலிருந்து அது ஒரு தடவைகூடத் தவறியதில்லையாம்.

நான் தலையாட்டினேன். தலையாட்டினது அவருக்குத் தெரியாது என்று உறைத்து, “சரிக்கா” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். தம்பி யாரோடு ஆடுவார் என்று கேட்கவில்லை. தெருவில் தோஸ்துங்க இருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு நாளில் செட்டை மாற்றிவிட்டேன். சிடியைக் காப்பி எடுக்கப் பார்த்தால், நிறைய கீறல், கம்ப்யூட்டர் பாதியில் திணறி நின்றது. எதற்கு மல்லுக்கட்ட வேண்டும், அதே கேமை நெட்டில் யாரோ போட்டிருக்கிறார்கள், சைஸும் சின்னது. அதை எடுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? கப்பலில் உழைத்து வருகிற மனிதர், சந்தோஷப்படட்டும் என்று இன்னும் ஐம்பது கேமையும் சேர்த்தேன். செட்டைப் போட்டதும் அழகான நீல நிறத்தில் ஒரு பட்டியல் வரும். அதற்கும் முன்னால் திரை முழுக்க என் பெயர், பக்கத்தில் பி.இ.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர்கள் வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் தெற்குச் சுவரை ஒட்டி டிவி. அதன் மேல் ஒரு போர்வை போர்த்தியிருந்தது. உப்புக்காற்றுக்காக என்று நினைத்து, எடுத்து மடித்து வைத்தேன். டிவிக்கு இரண்டு பக்கமும் நாலடி தள்ளிப் பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர். தரையில் ஒரு பாய். பாய்க்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள், உள்ளே கிளிஞ்சல்கள்.

மாட்டி, போட்டு, “வந்துடுச்சிக்கா” என்றேன்.

அக்கா பாயில் வந்து உட்கார்ந்தார். கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். அப்போதுதான் எனக்கு முதல் அடி விழுந்தது. ஆடப்போவது இவர்தான்.

ஒரு பட்டனை அழுத்தினார். சத்தமில்லை. இன்னொன்றை அழுத்தினார். என் நீலப் பட்டியல் ஊமையாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கார் ரேஸ் ஒன்று திறந்து, என்ஜின் உறுமியது. அக்கா திடுக்கிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

“இன்னா தம்பி இது?”

நான் அவசரமாக அவருடைய கேமைத் திறந்துகொடுத்தேன். இரண்டு பேர் மோதுகிற சண்டை விளையாட்டு அது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

“இது என் கேம் இல்ல.”

“அதே கேம்தான்க்கா. நான் முழுசா ஓட்டிப் பாத்துட்டேன்.”

“பாத்திருப்ப. கேட்டியா?”

நான் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினேன்.

“கண்ண மூடு” என்றார். மூடினேன். குத்து விழுகிற சத்தம், முனகுகிற சத்தம், அவ்வளவுதான். “எங்க கீறாங்க ரெண்டு பேரும்? சொல்லு.” தெரியவில்லை. “எனக்கும் தெர்ல. ரெண்டு பேரும் அந்தரத்துல நிக்கிறாங்கோ.”

பிறகு விளக்கினார். அவரும் தம்பியும் எப்போதும் ஆடுவது ஒரே ஒரு களத்தில்தான். மரப்பாலம் ஒன்று, அதன் இடது கோடியில் கடல், வலது கோடியில் ஒரு மணி. இடது பக்கம் நகர நகர அலைச் சத்தம் கூடும். வலது பக்கம் போனால் மணி கூடும். கடலும் மணியும் எவ்வளவு கேட்கிறது என்பதை வைத்துத்தான் தான் எங்கே நிற்கிறோம், எதிராளி எங்கே என்று அவருக்குத் தெரியும். டிவியைத் தெற்குச் சுவரில் வைத்ததற்கும் காரணம் இருந்தது. தெற்கே பார்த்து உட்கார்ந்தால் இடது பக்கம் ஜன்னல், நிஜக் கடல். வலது பக்கம் தெருமுனையில் சர்ச் மணி. சின்ன வயதில் தம்பிதான் அப்படி மாற்றிப் போட்டானாம், அக்காவுக்குக் குழப்பம் வராமல் இருக்க. ஆட்டம் நியாயமாக இருக்க வேண்டும் என்று டிவியின் மேல் போர்வை போர்த்தியதும் அவன்தான். இத்தனை வருடத்தில் அவனும் ஒருமுறைகூடப் படத்தைப் பார்த்து ஆடியதில்லை.

நெட்டில் போட்ட யாரோ, சைஸைக் குறைப்பதற்காகப் பின்னணிச் சத்தத்தை எல்லாம் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்து ஆடுகிறவனுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. நான் கொண்டுவந்து கொடுத்ததில் அவருடைய கடலே இல்லை.

கேமை மூடினேன். திரையில் என் பெயரும் பி.இ.யும் மறுபடி வந்து நின்றன. அவர் அதைப் பார்க்கவில்லை என்பதே அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

“அக்கா, உங்க சிடியிலயிருந்தே எடுக்குறேன். இங்கயே உக்காந்து எடுக்குறேன்” என்றேன். அப்போது மணி பதினொன்று. தம்பி நாலு மணிக்கு வந்துவிடுவார் என்றிருந்தது. திருவொற்றியூருக்கு ஓடிப்போய் லேப்டாப்பையும், தனியாக மாட்டுகிற சிடி டிரைவையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு மணிக்கு ஆரம்பித்தோம். டிரைவ் வேகமெடுத்துச் சுற்றும், கீறல் வந்ததும் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நிற்கும். மறுபடி சுற்றும். மறுபடி நிற்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

“வேகமாப் போவும்போதுதான் தடுக்குது. மெதுவா சுத்தச் சொல்ல முடியுமா அத்த?”

முடியும். எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேகத்தை ஆகக் குறைத்தேன்.

“இன்னும் ஒதறுது. தரையில வெக்காத.” போர்வையை நாலாக மடித்துக் கொடுத்தார். அதன் மேல் வைத்ததும் டிரைவின் சத்தம் இழைந்துவிட்டது. ஒரு கையை அதன் மேல் லேசாக வைத்துக்கொண்டார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடு ஏறினால் “நிறுத்து, ஆறட்டும்” என்பார். நிறுத்துவேன். ஆறின பிறகு “இப்ப போ” என்பார். அவர் சொன்ன பிறகு ஓட்டினால், ஐந்து நிமிஷம் முன்பு படிக்காத இடத்தை அது படித்துவிடும். எதை வைத்துச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்த மத்தியானம் ஒரு கனவு மாதிரி நினைவில் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கடல் சத்தம், போர்வை மடிப்பின் மேல் சிடி சுற்றுகிற சத்தம், இரண்டும் கலந்து எது எதுவென்று தெரியாமல் போனது. வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிக் கூடத்துக்குள் வந்து, கிளிஞ்சல் பாட்டில்களில் தங்கி நின்றது. ஒருவர் ஜெயித்தால் அவர் பாட்டிலில் ஒரு கிளிஞ்சல். யார் முன்னால் என்று அக்கா எண்ணிப் பார்ப்பதில்லை, இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்ப்பார். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு சதவீதம் ஆயிற்று என்பதைப் பார்க்கவே பயமாக இருந்ததால்தான் மூடினேன். மூடின பிறகு கேட்பது நன்றாக இருந்தது.

நடுநடுவே தம்பியின் வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டிருந்தது. “யக்கா, எறங்கிட்டேன்.” “யக்கா, ஹார்பர் கேட்டாண்ட வந்துட்டேன்.” மூன்றே காலுக்கு அறுபத்தைந்து சதவீதம். பிறகு ஒரு மெசேஜ், பின்னால் ஒரே ஹாரன் சத்தம். “யக்கா, ஒரே பேஜாரு. டிரெய்லரு லைன் கட்டி நிக்குது. எர்ணாவூர்லயே கீறேன்.”

எண்ணூர் ரோட்டில் வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒருநாள் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எண்பத்தெட்டில் வந்து டிரைவ் அசையவே இல்லை. அக்கா சிரித்தார். “அது எந்தக் கீறல்னு எனுக்குத் தெரியும். அஞ்சு ஆட்டம் வரிசையா தோத்துட்டு, கடுப்புல சிடிய எடுத்து வீசிட்டான். பீரோ அடியில சறுக்கிக்கினு போச்சி. நான் ஒரு வாரம் அவன்கிட்ட பேசல.” ஆறவிட்டு ஆறவிட்டு முக்கால் மணி நேரம் முயன்றோம். அந்த ஒரு இடம் மட்டும் வரவில்லை. அதைத் தாண்டிப் போகட்டுமா என்று, அன்று முதன்முறையாக, அவரைக் கேட்டேன். தாண்டினால் கேம் பாதியில் நின்றாலும் நிற்கலாம் என்பதையும் சொன்னேன்.

“கேட்டியே, அதுவே போதும். தாண்டு.”

நூறு ஆகும்போது மணி ஐந்தே முக்கால். பென் டிரைவில் இருந்த ஐம்பது கேமையும் அழித்தேன். நீலப் பட்டியலை எடுத்தேன். என் பெயரையும் எடுத்தேன். செட்டைப் போட்டால் நேராக அவருடைய கேம், வேறு எதுவும் கிடையாது. பென் டிரைவை உள்ளே வைத்து மூடி, கடைசி ஸ்க்ரூவைத் திருகும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. “அவன்தான். ரெண்டு ரெண்டு படியா ஏறுவான்” என்றார் அக்கா.

தம்பி உள்ளே வந்தார். என்னைவிட நாலு வயது பெரியவர். கழுத்து மடிப்பிலும் காது ஓரத்திலும் கரி. “ஓடுதா?” என்றுதான் முதலில் கேட்டார், செருப்பைக்கூடக் கழற்றாமல். நான் போர்வையை எடுத்து டிவியின் மேல் போர்த்திவிட்டு, செட்டைப் போட்டேன்.

ஒன்றும் வரவில்லை. பிறகு இடது ஸ்பீக்கரில் அலை மெல்ல எழுந்தது. வலது பக்கம் தூரத்தில் மணி. அலை எழுந்து எழுந்து விழப்போகிற நேரத்தில், சட்டென்று ஒரு வெறுமை. ஒரு கண் சிமிட்டுகிற நேரம் கடலே இல்லை. போச்சு, நின்றுவிட்டது என்று செட்டை நோக்கிக் கை நீட்டினேன். ஆனால் அலை திரும்பி வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்த வெறுமை, மறுபடி கடல். எண்பத்தெட்டாவது இடத்துக் கீறல்.

அக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, இரண்டு கடலையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “பரவால்ல. மூச்சு வாங்கிக்கினு கீது” என்றார்.

தம்பி குளிக்கப் போகவில்லை. அப்படியே பாயில் உட்கார்ந்தார். நானும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். முதல் இரண்டு ஆட்டம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மூன்றாவதில் பலகை மேல் நடக்கிற காலடி கேட்டது. நாலாவதில் ஒருவர் கடல் பக்கம் தள்ளப்படுவது தெரிந்தது. அதன் பிறகு பாலமே தெரிந்தது. ஈர மரத்தின் நிறம், தூண்களுக்கு இடையே நுரை. டிவியில் காலையில் நான் பார்த்த பாலம் அது இல்லை, அதைவிடப் பெரியது.

ஐந்துக்கு நாலு என்று தம்பி முன்னால் இருந்தார். கடைசி ஆட்டம். “இன்னா கமிஷ்னரே, தோக்கப் போறியா?” என்று அக்காவைச் சீண்டினார். “மூடிக்கினு ஆடு, கருவாயா” என்றார் அக்கா. இருவரும் கடல் ஓரமாக மோதிக்கொண்டிருந்தார்கள். அலை எழுந்தது. அந்த வெறுமை வந்தது. தம்பி ஒரு கணம் தவித்தது எனக்கே தெரிந்தது, பிடித்திருந்த கயிற்றை விட்டவர் மாதிரி. அந்தக் கணத்துக்காகவே அக்கா காத்திருந்திருக்கிறார். அடித்தார். அலை திரும்பி விழுந்தபோது தம்பியும் விழுந்துகிடந்தார்.

“ஏய், கள்ள ஆட்டம்! இன்ஜினீயர வெச்சி செட்டிங் பண்ட்டா!” என்று கத்தினார் தம்பி.

“நீ வீசின சிடி, நீ போட்ட கீறல்” என்று சொல்லி, தன் பாட்டிலில் ஒரு கிளிஞ்சலைப் போட்டார் அக்கா. ஐந்துக்கு ஐந்து. இத்தனை வருடத்தில் முதல் சமன் அது என்றார்கள்.

ஏழரைக்குத் தம்பி கிளம்பினார். கூடவே படியிறங்கினேன். கீழே வந்ததும் குரலைத் தாழ்த்தி, “மாமு, நான் ஃபாரின் லைன்ல போறேன். வருஷக் கணக்காவும். அது வரைக்கும் யாரோட சண்ட போடுவா? நீ மாசம் ஒரு தபா வந்துட்டுப் போ. ஜெயிச்சா என் பாட்டில்ல போடாத, தனியா ஒண்ணு வெச்சிக்கோ” என்றார்.

போகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை. போர்வையை நானே சரியாக இழுத்துப் போர்த்துவேன். பாய்க்குப் பக்கத்தில் இப்போது மூன்று பாட்டில்கள். என்னுடையதில் இன்றுவரை ஒரே ஒரு கிளிஞ்சல். அதையும் அக்கா விட்டுக்கொடுத்திருப்பாரோ என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதவில் பி.இ. இன்னும் இருக்கிறது, அது அப்பாவுக்காக. ஆனால் எந்தச் செட்டிலும் என் பெயரைப் போடுவதை விட்டுவிட்டேன். யார் எதைக் கொண்டுவந்தாலும், ஆடப்போவது யார் என்று முதலில் கேட்கிறேன். வேலை முடிந்ததும் டிவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு ஒரு நிமிஷம் கேட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும், எழுந்த அலை விழாமல் நிற்கிற அந்தக் கணத்துக்கு என் காது காத்திருக்கிறது. எனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று அந்தச் சின்ன வெறுமைதான் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறது.